கற்கும் யந்திரங்கள்

யந்திரத்திற்குக் கட்டளையிடும் வித்தை நெசவாளர்களுக்குப் புதிதன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த கருவியில், எந்தப் பாவு இழை மேலெழ வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகளே நிர்ணயிக்கின்றன. துளையிட்டபடி பூ விழும். துளை தவறினால் பூவும் தவறும். கணிப்பொறிகளும் நெடுங்காலம் இவ்வாறே, மனிதன் வரிசையாக எழுதிக் கொடுத்த கட்டளைகளை மட்டும் நிறைவேற்றி வந்தன.

ஆயினும் எல்லா அறிவையும் கட்டளையாக எழுதிவிட இயலாது. இலையைப் பார்த்த மாத்திரத்தில் "இது நோய்" என்று சொல்லும் அனுபவமிக்க விவசாயியிடம் விதிகளை வகுத்துத் தரும்படி கேட்டால், அது அவருக்கும் அரிதே. கண்டு கண்டு பழகிய அறிவு அது. அத்தகைய பழக்கத்தை யந்திரத்திற்கும் அளிக்கும் முயற்சியே யந்திரக் கற்றல். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் சாமுவேல் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் இப்பெயர் பரவலாயிற்று. இதன் முக்கிய முறைகள் மூன்று.

முதலாவது, விடை காட்டிக் கற்பித்தல். நோயுற்ற இலை, நோயற்ற இலை ஆகியவற்றின் படங்களை, இன்னது இன்னதென்று குறித்து யந்திரத்திற்குக் கொடுக்கிறோம். அது ஊகித்த விடை தவறினால், தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது மாற்றிக் கொள்கிறது. பல்லாயிரம் முறை இவ்வாறு திருத்திய பின்பு, முன்பு காணாத படத்திற்கும் விடை கூறும் திறன் பெறுகிறது.

இரண்டாவது, விடை காட்டாது விடுத்தல். பெயரிடாத பொருள்களைக் கொடுத்தால், ஒன்றோடொன்று ஒத்தவற்றை யந்திரம் தானே கூட்டங்களாகப் பிரிக்கும். அக்கூட்டங்களுக்குப் பொருள் காண்பது மனிதனின் வேலை.

மூன்றாவது, செய்து பார்த்துக் கற்றல். நற்பயன் விளைந்த செய்கையை வலுப்படுத்திக் கொள்வதே இதன் வழி. சாமுவேல் எழுதிய செக்கர்ஸ் ஆட்டத் திட்டம் இம்முறைக்கு ஒரு முன்னோடி. எட்டு அல்லது பத்து மணி நேரப் பயிற்சியில், எழுதியவரைவிடச் சிறப்பாக ஆட யந்திரம் கற்றுக்கொள்ள முடியும் என்று அவர் காட்டினார். 2017-ஆம் ஆண்டில் 'ஆல்பாகோ ஜீரோ', மனிதர்கள் ஆடிய ஆட்டம் எதையும் பாராது, தன்னோடு தானே ஆடிக் 'கோ' ஆட்டத்தில் தேர்ச்சி பெற்றது.

இவற்றால் நமக்கு ஆவதென்ன? 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியை இங்கே கருதுதல் நன்று. 14 வகைப் பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு மொகந்தி, ஹியூஸ், சலாத்தே என்னும் மூவர் ஒரு யந்திரத்தைப் பயிற்றினர். சோதனைக்கென ஒதுக்கி வைத்த படங்களில் அது 100-க்கு 99-க்கு மேல் சரியாகச் சொல்லிற்று. வேறு சூழ்நிலையில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோதோ, 100-க்குச் சுமார் 31 மட்டுமே சரியாயின. பயிற்சிப் படங்களில் பெரும்பாலும் பறித்தெடுத்த தனி இலை ஒன்று வெறும் பின்னணியில் இருந்தது. வயலிலோ இலைமேல் இலை நிழலிடும். மண்ணும் களையும் உடன் தெரியும்.

இதனை ஆராய்ச்சியாளர்களே மறைக்காமல் எடுத்துரைத்தனர். ஆனால் விற்பனைக்கு வரும் கருவி தன் குறையைத் தானே கூறுமா? யந்திரத்தின் சொல்லை நம்பித் தவறான மருந்தைத் தெளித்தால், மருந்துச் செலவும் விளைச்சல் நஷ்டமும் விவசாயியையே சாரும். யந்திரத்தை விற்றவரைச் சாரா.

ஆதலால் இத்தகைய கருவி நம் சங்கத்தின் வாயிலுக்கு வரும்போது, நிர்வாகிகள் மூன்று கேள்விகளைத் தவறாது கேட்டல் வேண்டும். எவ்விடத்து, எப்பயிரின் மாதிரிகளைக் கொண்டு இது பயின்றது? நம் நிலத்தில், நம் பருவத்தில் சோதித்துப் பார்த்தார்களா? அங்கத்தினர்கள் தரும் படங்களும் கணக்குகளும் யாருக்கு உரிமை?

மூன்றாவது கேள்வியில் நம் பலம் அடங்கியிருக்கிறது. தனி ஒருவரிடம் உள்ள சில படங்களால் யந்திரம் பயிலாது. பலரும் ஒழுங்காகச் சேர்த்துக் குறித்து வைத்த மாதிரிகளே அதற்கு ஆசான். கூடிச் சேர்த்தலும் கணக்கு வைத்தலும் கூட்டுறவாளர்களுக்குக் கைவந்த பழக்கங்கள். நோய் கண்ட தேதி, இடம், தெளித்த மருந்து, விளைந்த பயன் ஆகியவற்றைச் சங்கப் பதிவேட்டில் இன்றே குறிக்கத் தொடங்குவோம். நாளை எந்த யந்திரம் வந்தாலும், அதனைச் சோதிக்கும் உரைகல் நம் கையிலேயே இருக்கும்.