கடற்பூங்காவில் கையுறைக்குத் தடை ஏன்?

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

பூங்கா என்றதும் நம் கண்முன் நிற்பவை எவை? சுற்றிலும் வேலி, முன்னே வாயில், ‘பூக்களைப் பறிக்காதீர்’ என்னும் பலகை. கடலுக்கு அடியிலும் பூங்காக்கள் உண்டு. அங்கே வேலியும் இல்லை, பலகையும் இல்லை. ஆயினும் அங்கே இறங்குவோருக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. அவற்றுள் ஒன்றைப் படித்தபோது நான் வியந்தேன். ‘கையுறை அணிந்து நீருக்குள் இறங்கக் கூடாது’ என்பதே அவ்விதி.

கைக்குக் காப்பாக இருக்கும் ஒரு பொருளை ஏன் தடுக்க வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையின் ஒரு பாதியை நூல்களில் கற்றேன். மறு பாதியை மண்டபம் கடற்கரையில் தலைகுனிந்து நின்று கற்றேன்.

ஸ்கூபா என்பது யாது?

நீருக்குள் மூழ்குபவர் தம் மூச்சுக்காற்றைத் தம்முடனே எடுத்துச் செல்லும் கருவியே ஸ்கூபா. முதுகில் அழுத்தப்பட்ட காற்று நிறைந்த உருளை; வாயில் ரெகுலேட்டர். 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்காகிவிடும். அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்பவும், மூச்சை இழுக்கும்போது மட்டுமே வருமாறும், காற்றை அளந்து கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர் 1943இல் இதனைச் செம்மையாக உருவாக்கினர்.

நம் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தோர் மூச்சை அடக்கி மூழ்கினர். ஒரு மூச்சுக்குள் வேலையை முடித்துக்கொண்டு மேலே வர வேண்டும். வேடிக்கை பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? ஸ்கூபா அணிந்தவருக்கோ நேரம் உண்டு. நேரம் இருப்பதால்தான் தொட்டுப் பார்க்கும் ஆசையும் பிறக்கிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இடுப்பில் கட்டும் ஈய எடையும் மார்பில் அணியும் காற்றுச் சட்டையும் சரியாக ஒத்திருந்தால், மூழ்குபவர் மேலே எழாமலும் கீழே அமிழாமலும் மீனைப்போல் மிதப்பார். எடை மிகுந்தாலோ கால்கள் தாழ்ந்துவிடும். துடுப்புக் காலணி அடியில் உள்ள பவளத்தை உதைக்கும்.

கல் அன்று, உயிர்

பவளப் பாறை பார்வைக்குக் கல். உண்மையில் அது பாலிப் எனப்படும் சிறிய உயிரினங்கள் கூடி வாழும் ஊர். கல்லின்மேல் மெல்லிய தோல்போல உயிர்த்திசு படர்ந்திருக்கும். அதன்மேல் வழவழப்பான சளிப்படலம் காப்பாக இருக்கும். தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் இலை மூடிச் சிறிது நேரத்தில் விரிந்துவிடும். பாலிப்பும் தொட்டால் உள்ளே ஒடுங்கும். ஆனால் அழுத்திப் பிடித்துத் திசு கிழிந்துவிட்டால், அப்புண்ணில் பாசி குடியேறும், நோயும் நுழையும். பாறைபோல் திரண்டு வளரும் பவளங்களுள் பல ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவோ அதற்கும் குறைவாகவோதான் வளர்கின்றன. நாம் இக்கல்லூரியில் பயிலும் மூன்றாண்டுகளில் அவை ஏறக்குறைய ஒரு விரற்கடை வளரும். அதனை ஒடிக்க ஒரு நொடி போதும்.

பொனேர் காட்டிய வழி

தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டுக்கு வடக்கே, கரீபியக் கடலில், நெதர்லாந்தைச் சேர்ந்த பொனேர் என்னும் சிறு தீவு உள்ளது. இத்தீவினர் விதிகளை ஒரே நாளில் வகுத்துவிடவில்லை. 1961இல் கடலாமைகளின் முட்டைகளுக்குக் காப்பு அளித்தனர். 1971இல் ஈட்டியால் மீன் குத்துவதைத் தடுத்தனர். 1975இல் பவளத்தை ஒடிப்பதற்குத் தடை வந்தது. 1979இல் தீவைச் சுற்றிலும் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையுள்ள கடல் முழுவதுமே பூங்காவாயிற்று.

அங்கே படகுகள் நங்கூரம் பாய்ச்சக் கூடாது. ஏற்கெனவே நிறுத்தப்பட்டுள்ள மிதவைகளில் கட்ட வேண்டும். புதிதாக வருபவர் முதலில் விதிகளைக் கேட்டறிந்து, கரையருகே ஒரு முறை மூழ்கித் தம் எடையைச் சரிபார்த்த பின்னரே மற்ற இடங்களுக்குச் செல்லலாம். இரவில் மூழ்குவோர் வேதிப்பொருள் அடைத்த ஒளிக்குச்சிகளைப் பயன்படுத்தக் கூடாது. கையுறையும் கூடாது. மெக்சிகோவின் கோசுமெல் கடற்பூங்காவில் கையுறையுடன் கத்திக்கும் தடை உண்டு.

இவ்விதிகள் கண்மூடித்தனமானவை அல்ல என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். நம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் இயல்பாக வாழும் சிங்கமீன், அட்லாண்டிக் கடலில் புகுந்து பரவி, 2009இல் பொனேரை அடைந்தது. அங்குள்ள சிறு மீன்களை அது தின்று தீர்க்கத் தொடங்கியது. உடனே, ஈட்டியைத் தடை செய்த அதே தீவில், பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் அம்மீனைக் குத்துவதற்கான சிறு ஈட்டி அனுமதிக்கப்பட்டது. 2023இல் கற்பவளங்களின் திசுவை அழிக்கும் கொடிய நோய் அங்கே காணப்பட்டபோது, முக்குளிப்போர் தம் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்து கழுவ வேண்டும் என்னும் நிலை வந்தது. கருவி ஒன்றே, அதனால் விளைவது நன்மையா தீமையா என்பதைப் பொறுத்தே விதி அமைகிறது.

கையுறையும் மனமும்

கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் 353 முக்குளிப்போரைப் பின்தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. நூற்றுக்கு 74 பேர் ஒரு முறையேனும் பவளப் பாறையைத் தொட்டனர். அத்தொடுதல்களில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை துடுப்புக் காலணிகளால் நேர்ந்தவை. நீரில் இறங்குமுன் சொன்ன சிறு அறிவுரையால் பயன் விளையவில்லை. நீருக்குள் வழிகாட்டி உடனுக்குடன் குறுக்கிட்டுத் திருத்தியபோதே தொடுதல் குறைந்தது.

‘அப்படியானால் காலணியை அல்லவா தடுக்க வேண்டும்? கையுறை என்ன பாவம் செய்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். கால் படுவது பெரும்பாலும் அறியாமல் நேர்வது. பயிற்சியால் அதைத் திருத்தலாம். கையால் பிடிப்பது பெரும்பாலும் அறிந்தே செய்வது. வெறுங்கை உடையவர் அஞ்சுவார். நெருப்புப் பவளம் சுடும். கூரிய பாறை கீறும். அதனால் விலகியே மிதப்பார். கையுறை அந்த அச்சத்தை நீக்கிவிடுகிறது. நமக்கு வலிக்கவில்லை என்பதால் பிறருக்கும் வலிக்காது என்று மனம் துணிந்துவிடுகிறது.

மண்டபத்தில் நான் கற்றது

நான் ஸ்கூபா அணிந்து மூழ்கியவன் அல்லன். ஆயினும் இதனை அனுபவித்து அறிந்தேன். சென்ற ஆண்டு எங்கள் துறையினர் மண்டபத்திற்குக் கல்விப் பயணம் சென்றோம். முழங்கால் அளவு நீரில் நின்று பார்க்குமாறும், எதனையும் தொடக்கூடாது என்றும் பேராசிரியர் கூறினார். முன்னெச்சரிக்கை என்று எண்ணி ஆய்வுக்கூடத்து ரப்பர் கையுறைகளை எடுத்துச் சென்றவன் நான் ஒருவனே. ஓர் அலை வந்தது. நண்பர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டனர். நானோ குனிந்து அருகிலிருந்த கல்லைப் பற்றினேன். அதன் ஓரம் நொறுங்கிக் கையோடு வந்தது. கையுறையில் சளி ஒட்டியிருந்தது.

கடற்பாசி எடுத்துவிட்டு நீரிலிருந்து ஏறிய ஓர் அம்மையார் அதைப் பார்த்துவிட்டார். அவர் விரல்களில் துணி சுற்றியிருந்தது.

“அது உசுருள்ள கல்லு தம்பி. நாங்க செத்த கல்லுலதான் கை வைப்போம். பாசி அதுலதான் மொளைக்கும்” என்றார்.

அவரும் விரலுக்கு உறை இட்டிருந்தார்; நானும் இட்டிருந்தேன். அவர் கைக்கு எது உயிர், எது கல் என்று தெரிந்திருந்தது. விலங்கியல் பயிலும் என் கைக்குத் தெரியவில்லை.

பின்னர் அவர்களைப் பற்றிப் படித்து அறிந்தேன். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும், 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களுக்கு அத்தீவுகளின் அருகே செல்வது குற்றமாயிற்று. சட்டம் ஒருபுறம், வயிறு மறுபுறம். இந்நிலையிலும் அப்பெண்கள் தமக்குத் தாமே விதி செய்துகொண்டனர்: பாசியைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிட்டுக் கையால் மட்டுமே பறிப்பது, மாதத்தில் 12 நாட்களே கடலில் இறங்குவது. பொனேர் தீவு சட்டம் இயற்றிச் செய்ததை இவர்கள் ஒன்றுகூடிப் பேசியே செய்திருக்கிறார்கள். பூங்காவைக் காக்கும் விதிகளை வகுக்கும்போது இத்தகையோரையும் அருகில் அமர்த்திக் கேட்பதே முறை என்பது என் கருத்து.

முடிவாக

கையுறைத் தடை கடலைக் கண்டு அஞ்சச் சொல்லும் விதி அன்று. நம் கையின் வலிமைக்கு ஓர் எல்லை இடும் விதி. 2001 முதல் பவளங்கள் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. புலிக்கு உரிய காப்பு பவளத்திற்கும் உண்டு. நான் நொறுக்கிய ஓரம் மீண்டும் வளர்ந்து நிறைவதற்குள் நான் பட்டம் பெற்று இக்கல்லூரியை விட்டுச் சென்றிருப்பேன்.

வரும் ஆண்டிலும் நம் துறை மாணவர்கள் மண்டபம் செல்வார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஆய்வுக்கூடக் கையுறைகள் அலமாரியிலேயே இருக்கட்டும். அலை வந்தால் நண்பனின் தோளைப் பற்றிக்கொள்ளுங்கள்.