சுமையும் சொல்லும்: வீடு மாற்றும் தொழிலின் சில சொற்கள்

ஒரு குடும்பம் வீடு மாறும்பொழுது சாமான்களின் பட்டியல் கவனமாக எழுதப்படுகின்றது. அவற்றைச் சுமப்போரை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம் என்பது கவனிக்கப்படுவதில்லை. ஒரு தொழிலின் சொற்கள் அத்தொழிலில் நிலவிய சமூக உறவுகளின் பதிவுகளாகும். கண்டி–யாழ்ப்பாண வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கும் தம்புள்ளையை நிலைக்களமாகக் கொண்டு மூன்று சொற்களை இங்கு நோக்குவோம்.

முதலாவது 'துண்டு'. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். அவர்தம் வீட்டுச் சாமான் முழுவதும் தலைச்சுமையே. நோயும் பட்டினியும் பலரை வழியிலேயே மாய்த்தன. தோட்டம் சேர்ந்த பின்னரும் அவர்கள் விரும்பியவாறு வேறிடம் பெயர இயலவில்லை. இன்ன கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கலாம் எனத் துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தியே ஆட்களைப் பெற்றது. சிறு காகிதத்தைக் குறித்த எளிய சொல் குடும்பங்களைப் பிணித்த கடன் விலங்கின் பெயராயிற்று. 1921ஆம் ஆண்டிலேயே சட்டம் இம்முறையை ஒழித்தது.

இரண்டாவது 'கூலி'. திருக்குறளின் 619ஆம் குறளில் இச்சொல் முயற்சியின் பயனைக் குறிக்கின்றது. சிங்களத்தில் 'குலிய' என்பது வாடகை. குடியேற்ற ஆட்சியினரின் ஆங்கிலத்தில் வழங்கிய 'கூலி' எனும் சொல்லின் தோற்றம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அங்கு அது உழைப்பவரையே குறிக்கும் இழிசொல்லாக நின்றது என்பதில் ஐயமில்லை. உழைப்பின் விலை உழைப்பவரின் பெயராயிற்று. ஆள் மறைந்து விலை மட்டும் எஞ்சியது.

மூன்றாவது 'நாட்டாமை'. 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. அங்கு லொறிகளில் காய்கறி மூட்டைகளை ஏற்றி இறக்குவோர் சிங்களத்தில் 'நாட்டாமி' எனப்படுகின்றனர். இலங்கைத் தமிழில் மூட்டையாயினும் அலமாரியாயினும் கூலிக்குச் சுமப்பவர் 'நாட்டாமை'. தமிழகத்திலோ இச்சொல் ஊர்த்தலைவரைக் குறிக்கும். சுமையாளர் குழுவின் தலைவரைக் குறித்த சொல், காலப்போக்கில் குழுவினர் அனைவருக்கும் உரியதாயிற்று என நாம் ஊகிக்கின்றோம். அதிகாரத்தின் பெயர் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை.

கலைச்சொல் ஆக்குவோர் இவ்விடத்தில் 'சுமை தூக்குநர்' என்றொரு தூய வடிவத்தை அமைத்து நிறைவு காணலாம். அவ்வடிவம் பிழையன்று. ஆனால், லொறித் தரிப்பிடத்தில் வழங்கும் சொல்லை அகராதியிலிருந்து விலக்கினால், அச்சொல்லில் படிந்த உழைப்பின் வரலாறும் விலகிவிடும். அன்றியும், பெயரை மாற்றுவதால் மட்டும் சுமப்பவரின் நிலை மாறுவதில்லை. ஆகவே, சொல்லைப் பதிவுசெய்வோர் சுமப்பவரின் ஊதியத்தையும் முதுகுவலியையும் அச்சொல்லின் பொருளில் அடக்கி நோக்குதல் வேண்டும் என்பதே நமது கருத்தாகும்.