அச்சுத் தாளும் அரை அங்குலமும்

நம் சங்கத்தின் ஆண்டு மலர் வெளிவந்ததும் அதிலுள்ள கட்டுரைகளையும் கவிதைகளையும் பற்றிப் பலரும் பேசுகிறோம். அது எந்த அளவுத் தாளில், எத்தனை பாரமாக அச்சாயிற்று என்று கேட்பவர் இல்லை. நானும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு மலர்க் குழுவில் சேர்ந்து, ஓர் இக்கட்டில் மாட்டிக்கொண்ட பின்னரே கேட்கக் கற்றேன். நான் கற்றது இனி மலர் நடத்தப் போகும் நண்பர்களுக்குப் பயன்படும் என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

மலருக்கு எண்பது பக்க அளவிற்கு எழுத்து வந்து சேர்ந்தது. தில்லியில் ஓர் அச்சகத்தில் 500 படிகளுக்கு மதிப்பீடு கேட்டோம். அவர்கள் சொன்ன தொகை சங்கத்தின் கையிருப்பைத் தாண்டியது. 64 பக்கமானால் கட்டுப்படியாகும் என்றார்கள். குழு கூடியது. பதினாறு பக்கத்தைக் குறைப்பதென்றால் யாருடையதைக் குறைப்பது? மூத்தவர்களின் கட்டுரைகளை நீக்க எவருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே முதலாண்டு மாணவர்களின் கதைகளும் கவிதைகளும் நீக்கற் பட்டியலில் ஏறின. ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து, முதன்முதலாகத் தமிழில் ஏதோ எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். ‘இடமில்லை’ என்று அவர்களிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

சொல்வதற்கு முன் இன்னும் ஒரு முறை அச்சகத்திற்குப் போனேன். விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சலாம் என்பதே என் எண்ணம். அங்கே பக்கங்களை அடுக்கும் பிரிவில் பெரியவர் ஒருவர் இருந்தார். தமிழில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. நம் பக்கங்களைக் கணிப்பொறித் திரையில் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு உயரம்?” என்று இந்தியில் கேட்டார். என்னிடம் விடை இல்லை. கணிப்பொறியில் புதுப் பக்கம் திறந்தால் ஏ4 அளவில் திறக்கிறது, அதிலேயே தட்டெழுதினோம், வேறு காரணம் ஏதும் இல்லை.

பாரம் என்பது யாது?

அச்சகத்தார் பக்கம் பக்கமாக அச்சிடுவதில்லை. பெரிய தாளில் பல பக்கங்களை ஒருங்கே அச்சிட்டு, மடித்து, தைத்து, ஓரங்களை வெட்டுகிறார்கள். இவ்வாறு ஒரு தாளில் அடங்கும் பக்கத் தொகுதியைப் பாரம் என்பர். புறத்திற்கு எட்டுப் பக்கமானால் இரு புறமும் சேர்ந்து 16 பக்கப் பாரம்.

ஒரு வெற்றுத் தாளை எடுத்து, ஒவ்வொரு முறையும் திருப்பிக் குறுக்காக மூன்று முறை மடியுங்கள். மடிப்பைப் பிரிக்காமல் மூலைகளை மட்டும் தூக்கி 1 முதல் 16 வரை எண் இடுங்கள். பிறகு விரித்துப் பாருங்கள். 1க்கு அருகில் 16 நிற்கும். 8க்கு அருகில் 9. 4க்கு அருகில் 13. முதுகு மடிப்பில் ஒட்டி நிற்கும் எந்த இரு எண்களைக் கூட்டினாலும் 17 வரும். சில பக்கங்கள் தலைகீழாகவும் இருக்கும். முன்பெல்லாம் அனுபவமுள்ள போர்மன் ஒருவர் இப்படித் தாளை மடித்து வைத்துக்கொண்டு, அளவுகோலும் பென்சிலுமாகப் பக்கங்களை அடுக்குவார். இன்று அவ்வேலையைப் பக்க அடுக்கு மென்பொருள்கள் செய்கின்றன. பிரெப்ஸ், சிக்னா ஸ்டேஷன், ஃபீனிக்ஸ் என்பன அவற்றுட் சில.

எங்கள் கணக்கு

நம் நாட்டில் அச்சுத் தாள் 20க்கு 30, 23க்கு 36, 25க்கு 36, 30க்கு 40 அங்குலம் எனச் சில குறித்த அளவுகளில் வருகிறது. எங்கள் அச்சகம் கணக்கிட்டது 23க்கு 36 அங்குலத் தாளில். ஏ4 பக்கத்தின் உயரம் ஏறக்குறைய 11.7 அங்குலம், அகலம் 8.3 அங்குலம்.

பரப்பை மட்டும் வகுத்துப் பார்த்தால் அத்தாளின் ஒரு புறத்தில் எட்டு ஏ4 பக்கங்கள் தாராளமாகக் கொள்ளும் என்று தோன்றும். ஆனால் அடுக்கிப் பாருங்கள். நான்கு நான்காக இரண்டு வரிசை வைக்க 23.4 அங்குலம் வேண்டும். தாளோ 23 அங்குலம். அரை அங்குலம்கூட இல்லாத குறையால் எட்டு நுழையவில்லை. பக்கங்களைத் திருப்பி மும்மூன்றாக இரண்டு வரிசை வைத்தால் ஆறு கொள்ளும். நான்கை நிமிர்த்தியும் மூன்றைக் கிடத்தியும் வைத்தால் ஏழுகூடக் கொள்ளும். துண்டறிக்கைக்கு அது சரி, மடித்துத் தைக்கும் மலருக்கு உதவாது. ஆகவே ஆறு. தாளில் நூற்றுக்கு முப்பது பங்கு, ஏறத்தாழ ஆறரை அங்குல அகலமுள்ள நீண்ட பட்டையாக வெட்டுப்பட்டுப் போகும். அதற்கும் நாம் காசு கொடுக்கிறோம்.

பெரியவர் திரையில் பக்க அளவை மாற்றினார். உயரம் 11 அங்குலம், அகலம் எட்டரை. இரண்டு வரிசைக்கு 22 அங்குலம். எஞ்சிய ஓர் அங்குலம் வெட்டுக்கும், இயந்திரம் தாளைப் பற்றி இழுக்கும் ‘கிரிப்பர்’ ஓரத்திற்கும் போதும். எட்டுப் பக்கங்களும் ஒழுங்காக அமர்ந்தன. பக்கத்தின் பரப்பில் குறைந்தது நூற்றுக்கு மூன்றே பங்கு.

இதன் விளைவைப் பாருங்கள். ஏ4 அளவில் ஒரு தாளுக்கு 12 பக்கம். 64 பக்க மலர் 500 படிக்குச் சுமார் 2,667 தாள் வேண்டும். புதிய அளவில் ஒரு தாளுக்கு 16 பக்கம். அதே மலருக்கு 2,000 தாள் போதும். மிச்சம் நான்கில் ஒரு பங்கு. எண்பது பக்கமே அச்சிட்டாலும் 2,500 தாள்தான்! ஒரே மையில் அச்சாகும் உட்பக்கங்களுக்குப் பிளேட்டும் 12லிருந்து 10 ஆயிற்று. நாங்கள் நீக்க இருந்த பதினாறு பக்கத்தையும் சேர்த்த பிறகும், நீக்கிய மலரைவிடக் குறைந்த தாளே செலவாகும் என்பது அந்தக் கணக்கு. கணிதம் பயிலும் மாணவனாகிய நான் அங்கே வெட்கி நின்றேன்.

கணிதமும் மென்பொருளும்

இந்த வெட்டுக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. லெனின்கிராடில் கண்டொரோவிச் என்ற கணித அறிஞர் 1939ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலில், கழிவு குறையப் பொருள்களை வெட்டுவது எவ்வாறு என்பதும் ஒரு பகுதியாக இடம்பெற்றது. 1975ஆம் ஆண்டுப் பொருளாதார நோபல் பரிசை அவர் கூப்மன்ஸ் என்பாருடன் பகிர்ந்து பெற்றார். 1961இல் கில்மோர், கொமொரி என்ற இருவர் இத்தகைய வெட்டுக் கணக்குகளைக் கணிப்பொறியில் தீர்க்கும் வழியொன்றை வெளியிட்டனர். பொருள்களின் எண்ணிக்கை கூடக்கூட, அடுக்கும் வழிகள் அளவின்றிப் பெருகிவிடும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. மனிதர் பத்து வழிகளைப் பார்க்கும் நேரத்தில் மென்பொருள் ஆயிரக்கணக்கான வழிகளைப் பார்த்துவிடுகிறது.

அதனிடம் நாம் தர வேண்டியவை சில: கிடைக்கும் தாள்களின் அளவும் விலையும், இயந்திரம் ஏற்கும் பெரிய தாள், கிரிப்பர் ஓரம், வெட்டுக்கு விடும் இடம், மடிப்பு முறை, பிளேட்டின் விலை, வேண்டிய படிகள். அது பல அடுக்குகளை அமைத்து, ஒவ்வொன்றின் மொத்தச் செலவையும் காட்டும்.

வெவ்வேறு வேலைகளை ஒரே தாளில் சேர்க்கும்போது இதன் அருமை இன்னும் விளங்கும். ஒரே அளவுள்ள இரண்டு அழைப்பிதழ்கள். ஒன்று 3,000 வேண்டும், மற்றொன்று 1,000 வேண்டும். தாளில் எட்டு இடம். நாலும் நாலுமாகப் பங்கிட்டால் 750 தாள் ஓட வேண்டும். இரண்டாவது அழைப்பிதழ் 2,000 வீணாக அச்சாகும். ஆறும் இரண்டுமாகப் பங்கிட்டால் 500 தாளில் இரண்டும் சரியாக முடியும். இரண்டு வேலைக்கு இது மனக்கணக்கு. இருபது வேலை, இருபது அளவு, இருபது எண்ணிக்கை என்றால் மனக்கணக்கு போதாது.

சொல்லாததை அது அறியாது

ஆயினும் மென்பொருள் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்கலாகாது. தாளில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் மடங்கிக் கொடுக்கும்; குறுக்கே ஓடினால் விறைத்து நிற்கும். பக்கங்களைத் திருப்பி அடுக்கினால் அத்திசையும் மாறிவிடும். இதை நாம் சொல்லாவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது. எங்களுக்கும் வேறு நார்த்திசையுள்ள தாளைத் தேடி வாங்க வேண்டியதாயிற்று. வண்ண வேலைகளைச் சேர்க்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. இயந்திரத்தில் மையைப் பட்டை பட்டையாகவே கூட்டிக் குறைக்க முடியும். ஆதலால் ஒரே பட்டையில் நிற்கும் இரு வேலைகளுள் ஒன்றுக்கு மை கூட்டினால் மற்றொன்றின் நிறமும் கெடும்.

தாளின் மிச்சம் மட்டுமே செலவின் மிச்சம் ஆகாது என்பதையும் அன்று அறிந்தேன். ஒவ்வொரு முறை பிளேட்டு மாற்றும்போதும் மை நிலைக்கு வரும்வரை சில தாள்கள் வீணாகும். படிகள் ஆயிரக்கணக்கில் ஆகும்போது தாள்விலை ஓங்கும். நூறு இருநூறு என்றால் பிளேட்டும் இந்தத் தொடக்க வீணும் ஓங்கும். இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

புதிய அளவிற்கு ஏற்ப வரிகளைச் சிறிது நெருக்கி, எல்லாப் பக்கங்களையும் மறுபடி திருத்தினோம். நான்கு இரவுகள் தூக்கம் போயிற்று. மலரைத் தொடங்கும் நாளிலேயே அச்சகத்தாரைக் கேட்டிருந்தால் அந்த நான்கு இரவும் மிஞ்சியிருக்கும். வெட்டும் இயந்திரத்தின் அடியில் குவியும் கழிவெல்லாம், பக்க அளவை முடிவு செய்த அன்றே முடிவாகிவிட்டது. கடைசியில் மென்பொருளுக்கு எஞ்சுவது, நாம் வகுத்துவிட்ட எல்லைக்குள் நல்லதைத் தேடும் வேலையே.

ஆகையால் அடுத்த மலர்க் குழுவினருக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, ஒரு வரி தட்டெழுதுவதற்கு முன் எந்தத் தாளில் அச்சாகும் என்று கேளுங்கள். இரண்டாவது, மொத்தப் பக்கத்தைப் பாரக் கணக்கில் முடியுங்கள். 16 பக்கப் பாரத்தில் 80 பக்கம் நிறைவாக முடியும், 82 என்றால் இரண்டு பக்கத்திற்காகத் தனிப் பிளேட்டு ஏறும். மூன்றாவது, மதிப்பீட்டோடு பக்க அடுக்கின் படத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதில் வெறுமையாகக் கிடக்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள்.

சென்ற ஆண்டு மலர் 80 பக்கத்தில் வெளிவந்தது. முதலாண்டு மாணவர்களின் எழுத்து 65ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருந்த சொல்லைச் சொல்லாமலே தப்பினேன். உங்களுக்கும் அந்த நிலை வாராதிருக்கட்டும்.