விடுபட்ட பெயருக்கு யார் பொறுப்பு?
கடைவீதியும் கணினியும் – 9

சென்ற வாரம் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வழக்கைப் பார்த்தோம். அந்தப் பெயரைத் தேடினால் போட்டி நிறுவனங்களின் விளம்பரம் மேலே வந்து நிற்கிறது என்று அதன் உரிமையாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்த விளம்பர ஏற்பாட்டில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, தானும் முனைப்பாகப் பங்கெடுக்கிறது என்று 2023 ஆகஸ்டில் டிவிஷன் பெஞ்ச் சொன்னது. அந்தச் சண்டையில் ஒரு வசதி இருந்தது. கடைக்காரர் தன் பெயரை அடித்துப் பார்த்தால், தனக்கு மேலே யார் நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆதாரமாகத் திரையைப் படம் பிடித்து நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது.

இந்த வாரம் பார்க்கப் போவது, மேலே யாரும் நிற்காமலேயே ஒரு பெயர் காணாமல் போகும் கதை.

டெல்லி தரியாகஞ்ச், நேதாஜி சுபாஷ் மார்க், 29ஆம் எண். இண்டியாமார்ட் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இந்த முகவரியில்தான் இருக்கிறது. தினேஷ் அகர்வாலும் அவருடைய உறவினர் பிரிஜேஷ் அகர்வாலும் 1996இல் இதைத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஏற்றுமதியாளர்கள் பலரிடம் கணினியே கிடையாது. வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வரும் விசாரணைகளை அச்செடுத்து, அவர்களுக்கு ஃபேக்ஸில் அனுப்பினார்கள். இன்று அந்தத் தளத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். பம்ப் செட், பித்தளைக் கைப்பிடி, அட்டைப்பெட்டி, தையல் இயந்திர உதிரிபாகம் என்று விற்கும் இவர்களில் மிகப் பலருக்குச் சொந்த இணையதளம் கிடையாது. இணையத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒரே முகவரி அந்தப் பட்டியல்தான்.

2025 கடைசியில் இண்டியாமார்ட், ஓபன்ஏஐ மீது கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பொருள் எங்கே வாங்கலாம் என்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் தங்கள் தளத்தின் பட்டியல்கள் வருவதில்லை, திட்டமிட்டே விலக்கப்படுகின்றன என்பது புகார். காரணமாக அது சுட்டிக்காட்டியது அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘பேர்போன சந்தைகள்’ பட்டியலை. போலிச் சரக்கு அதிகம் புழங்குவதாகச் சொல்லப்படும் சந்தைகளின் பட்டியல் அது. 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் இண்டியாமார்ட் இடம்பெற்றது. டெல்லியின் பாலிகா பஜாரும் கரோல்பாக் பக்கத்து டேங்க் ரோடும் அதே பட்டியலில் இருந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டியல் யாரையும் சட்டப்படி குற்றவாளி என்று முடிவு செய்வதில்லை. அதை வெளியிடும் அலுவலகமே அப்படித்தான் சொல்கிறது. எங்களுக்கு நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, அதே பட்டியலில் உள்ள டிஎச்கேட், தாவ்பாவ் போன்ற தளங்கள் மட்டும் பதில்களில் வருகின்றன என்றது இண்டியாமார்ட். 2025 டிசம்பர் 24 அன்று நீதிபதி ரவி கிருஷண் கபூர், முதல்நோக்கில் வலுவான வழக்கு இருக்கிறது, பாரபட்சமான விலக்கல் போலத் தெரிகிறது என்று கருதினார். ஆனால் எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு தர மறுத்து, நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்.

இண்டியாமார்ட் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். வழக்கறிஞர் வைக்க அதற்கு வசதி இருக்கிறது. தன் பெயர் வரவில்லை என்பதைச் சோதித்துப் பார்க்க ஆள் இருக்கிறது. அதன் விற்பனையாளர் பட்டியலுக்குள் இருக்கும் பித்தளைக் கைப்பிடிக்காரருக்கு இரண்டும் இல்லை. போன மாதத்தை விட விசாரணை குறைந்திருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

எப்படிக் குறைகிறது? தேடல் பக்கத்தில் பத்து இணைப்புகள் வந்த காலம், கடைவீதிக்குள் நாமே நடந்து பலகைகளைப் படித்துப் போவது போன்றது. இப்போது வீதி முனையிலேயே ஒரு தரகர் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டு, இரண்டு மூன்று கடைகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். சில சமயம் விவரம் முழுவதையும் அவரே சொல்லிவிடுவதால் நாம் வீதிக்குள் போவதே இல்லை.

தேடல் பக்கத்தில் ஏஐ எழுதித் தரும் இந்தச் சுருக்கப் பதிலைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் எல்லோருக்கும் கொண்டுவந்தது. அந்த ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. தமிழிலும் தருவதாக அக்டோபரில் அறிவித்தார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டு உரையாடும் ‘ஏஐ மோட்’ 2025 ஜூலையில் இந்தியர் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்பிளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாகத் தந்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் ஜெமினியை 18 மாதங்களுக்கு இலவசமாக்கியது. நவம்பரில் ஓபன்ஏஐ, மாதம் 399 ரூபாய்க்கு விற்ற சாட்ஜிபிடி கோ சேவையை இந்தியர்களுக்கு ஓராண்டு சும்மா கொடுத்தது. ஆறு மாதத்துக்குள் நாட்டின் வாங்கும் பழக்கம் புதிய வாசலுக்குத் திருப்பப்பட்டது. கடைக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதன் விளைவை அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் அளந்திருக்கிறது. 900 அமெரிக்கர்கள் 2025 மார்ச்சில் இணையத்தில் உலவிய விதத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். சுருக்கப் பதில் இல்லாத தேடல்களில் 15 சதவீதத்தில் மக்கள் ஏதாவது ஒரு இணைப்பைச் சொடுக்கினார்கள். சுருக்கம் வந்தபோது அது 8 சதவீதம். சுருக்கத்துக்கு உள்ளேயே ஆதாரமாகக் காட்டப்படும் இணைப்பைத் தொட்டது 1 சதவீதம்தான். கூகுள் இத்தகைய முடிவுகளை ஏற்பதில்லை. மொத்தச் சொடுக்குகள் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கின்றன, வருகிறவர்கள் கூடுதல் அக்கறையோடு வருகிறார்கள் என்று 2025 ஆகஸ்டில் சொன்னது. மொத்தக் கணக்கு அப்படியே இருந்தாலும், அது யார் யாருக்குப் போகிறது என்பதுதான் சிறு கடைக்காரரின் கேள்வி.

சாவ்ரி பஜாரை எடுத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகைக்கும் தாளுக்கும் பெயர்போன வீதி. அங்கே ஒரு கடைக்காரர் தன் தளத்தில் உழைத்து ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். எத்தனை கிராம் தாள் பத்திரிகைக்குத் தாங்கும், ஃபாயில் அச்சுக்கும் ஸ்க்ரீன் அச்சுக்கும் விலையில் என்ன வித்தியாசம், நூறு பத்திரிகைக்குக் கீழே ஏன் யாரும் அச்சடிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முன்பு கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் இதைத் தேடினால் இந்தப் பக்கத்துக்கு வருவார். படிப்பார். அதே பக்கத்தின் கீழே இருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கு, “அண்ணா, முந்நூறு பத்திரிகைக்கு என்ன விலை?” என்று கேட்பார். வியாபாரம் நடந்த இடம் அந்த வாட்ஸ்அப் எண்தான். இன்று தாளின் கனமும் அச்சின் வித்தியாசமும் சுருக்கப் பதிலில் நான்கு வரியில் வந்துவிடுகின்றன. அறிவு வந்து சேர்ந்தது. அதை எழுதியவரின் எண் வரவில்லை.

பிடிக்கவில்லை என்றால் தடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. தளத்துக்குள் எந்தத் தானியங்கி வரலாம், எது வரக் கூடாது என்று சொல்லும் சிறு கோப்பு ஒன்று ஒவ்வொரு தளத்திலும் வைக்கலாம். ஓபன்ஏஐ தன் தானியங்கிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கப் படிப்பது ஒன்று, தேடல் பதிலுக்காகப் படிப்பது வேறொன்று. முன்னதைத் தடுத்து, பின்னதை அனுமதிக்கலாம். கூகுளில் அப்படி இல்லை. ‘கூகுள்-எக்ஸ்டெண்டட்’ என்ற பெயரைத் தடுத்தால் ஜெமினியின் பயிற்சிக்கு உங்கள் பக்கம் போகாது. ஆனால் தேடல் பக்கத்தின் சுருக்கப் பதிலுக்குப் படிப்பது, வழக்கமான தேடலுக்குப் படிக்கும் அதே கூகுள்பாட். அதைத் தடுத்தால் கூகுள் தேடலிலிருந்தே காணாமல் போக வேண்டியதுதான். பக்கத்தின் வரிகளைக் காட்டாதே என்று தனியே குறி வைக்க வழியுண்டு. அப்படிச் செய்தால் சாதாரணத் தேடல் முடிவிலும் உங்கள் பெயருக்குக் கீழே விளக்க வரி வராது. இந்த நிர்ப்பந்தம் நியாயமா என்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முறையான விசாரணையைத் தொடங்கியிருக்கிறது.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2024 நவம்பர் முதல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கு நடக்கிறது. இந்தியப் பதிப்பாளர் கூட்டமைப்பும் அதில் சேர்ந்துகொண்டது. எங்களைக் கேட்காமல் எடுக்காதே என்பது அவர்கள் வாதம். எங்களை விட்டுவிடாதே என்பது இண்டியாமார்ட்டின் வாதம். எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டும் சாவ்ரி பஜார் கடைக்காரர் ஒருவருக்கே சேர்ந்து பொருந்துகின்றன. அவர் எழுதியது பதிலுக்குள் போகிறது, அவர் பெயர் வெளியே நின்றுவிடுகிறது. மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஏஐ பயிற்சிக்குப் படைப்புகளைப் பயன்படுத்தினால் கட்டணம் தர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் பணம் எழுத்தாளருக்குத் தேவைப்படும் அளவு கடைக்காரருக்குத் தேவையில்லை. அவருக்குத் தேவை வாடிக்கையாளர்.

இந்தச் சண்டையின் முதல் சுற்று தமிழ்நாட்டிலிருந்துதான் டெல்லிக்கு வந்தது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். சென்னையின் பாரத்மேட்ரிமோனி நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கூகுள் மீது புகார் கொடுத்தன. 2018 பிப்ரவரியில் ஆணையம், தேடல் பக்கத்தில் தன் சொந்த விமானப் பயணச் சேவைக்கு முன்னிடம் தந்தது உள்ளிட்ட விஷயங்களில் கூகுள் பாரபட்சம் காட்டியது என்று பெரும்பான்மையாக முடிவு செய்து, 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பாரத்மேட்ரிமோனியின் விளம்பரச் சொல் தொடர்பான குறையை ஏற்கவில்லை. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. புகாருக்கும் உத்தரவுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள். பெரிய நிறுவனம் ஆறு ஆண்டு காத்திருக்கும். கல்யாண சீசனை நம்பி வாழும் கடை இரண்டு சீசன் தாங்காது.

ஆகவே எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பதில் சொல்லும் இயந்திரத்திடம் நம் பெயரைச் சொல் என்று யாரும் உத்தரவிட முடியாது, உத்தரவிடவும் கூடாது. எல்லாப் பெயரையும் சொன்னால் அது பதிலாக இருக்காது. ஆனால் ஒரு வணிகத்தையோ ஒரு தளத்தையோ மொத்தமாக ஒதுக்கி வைக்க முடிவெடுத்தால், எந்த அடிப்படையில் ஒதுக்கினாய் என்று கேட்கும் உரிமை அந்த வணிகருக்கு இருந்தே ஆக வேண்டும். வங்கி கடன் மறுத்தால் காரணம் கேட்கலாம். மாநகராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அவற்றுக்கு நிகராகப் பிழைப்பைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிட்ட ஒரு நிறுவனம், காரணமும் சொல்லாமல் கதவையும் காட்டாமல் இருப்பதை ஏற்க முடியாது. டிஜிட்டல் போட்டிச் சட்டத்தின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. இன்னும் சட்டமாகவில்லை. அது மீண்டும் மேசைக்கு வரும்போது, விலக்கப்பட்டதற்குக் காரணம் சொல்லும் கடமையும், தேடலையும் ஏஐ பதிலையும் தனித்தனியே அனுமதிக்கும் உரிமையும் அதில் எழுதப்பட வேண்டும். சதர் பஜார், கரோல்பாக் வணிகர் சங்கங்கள் வரி விகிதத்துக்கும் கடையடைப்புக்கும் குரல் கொடுப்பது போலவே இதற்கும் மனுக் கொடுக்க வேண்டிய நேரம் இது.

சட்டம் வரும் வரை கடைக்காரர் செய்யக்கூடியவை சில உண்டு. கடையின் பெயர், முகவரி, எண் ஆகியவை கூகுள் வணிகப் பக்கத்திலும், பட்டியல் தளங்களிலும், சொந்தத் தளத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். விலைப்பட்டியலைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுங்கள். பொதுவான விளக்கத்தை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். குறைந்தபட்ச ஆர்டர், டெலிவரி நாள், செய்து முடித்த வேலையின் புகைப்படம் என்று உங்களிடம் மட்டுமே இருக்கும் விவரங்களை உங்கள் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை உங்கள் சரக்கின் பெயரை மூன்று நான்கு ஏஐ செயலிகளில் கேட்டு, வந்த பதிலைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். நாளைக்கு வழக்கோ மனுவோ வந்தால், உங்கள் பெயர் வரவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வாங்கிப் போனவரின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் யாரும் நிற்க முடியாத ஒரே வழி அது.

(அடுத்த வாரம்: வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினால் மோசடிக்காரரின் எண் வருவது எப்படி?)