துள்ளும் ஜீப்பும் துவளும் வில்லும்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமேல் திருப்புலி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் பல நாடுகளாக ஊர்கள் பரவிக் கிடக்கின்றன. தார்ச்சாலையை விட்டு விலகிக் கல்லும் மண்ணும் கலந்த தடத்தில் இறங்கினால், ஜீப் வகை வண்டிகளே கைகொடுக்கும். மிளகு மூட்டையும் பலாப்பழமும் போகும் அதே வண்டியில்தான் சில வேளைகளில் நோயாளியும் நிறைமாதக் கர்ப்பிணியும் போக வேண்டியிருக்கிறது.

இத்தகைய தடங்களில் அடிப்பாகம் கல்லில் இடிக்காமலிருக்க, வண்டியை 5 அல்லது 10 சென்டிமீட்டர் உயர்த்திக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உயர்த்தியபின் கல் தட்டுவது குறைகிறது; ஆனால் உள்ளே அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பு அதற்கு விலை கொடுக்கிறது. இது ஏன் நேர்கிறது? உயரமும் வேண்டும், இதமும் வேண்டும் என்றால் வழி உண்டா? இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

வில்லின் கணக்கு

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் பொருத்தி விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் பட்டை வில்களே இருந்தன. பட்டறைகளில் இதை ஸ்பிரிங் பிளேட் என்பார்கள். நீளம் குறைந்துகொண்டே வரும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதே இது.

ஒரு வில்லை அமுக்கத் தேவையான விசை, அமுங்கும் தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 50 கிலோ எடையுள்ள ஐந்து மாணவர்கள் ஜீப்பின் பின் அச்சுக்கு நேர்மேலே அமர்கிறார்கள். வண்டியின் பின்புறம் 5 சென்டிமீட்டர் தாழ்கிறது. 250 கிலோவின் எடை சுமார் 2,450 நியூட்டன். எனவே பின்வில்களின் விறைப்பு மீட்டருக்கு 49,000 நியூட்டன் ஆகும்.

அந்த வில்களின் மேல் ஏற்கெனவே 600 கிலோ நிறை இருப்பதாகக் கொள்வோம். விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதை 6.28-ஆல் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். காலி வண்டியில் அது நொடிக்கு 1.44, மாணவர்கள் ஏறியபின் 1.21. காலி ஜீப் துள்ளுவதும், ஆள் ஏறியதும் அது அடங்கி ஓடுவதும் இதனால்தான். நிறை கூடும்போது அதிர்வு நிதானமடைகிறது.

உடல் எதை விரும்புகிறது?

நாம் நடக்கும்போது நம் உடல் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஏறி இறங்குகிறது. இதற்குப் பழகிவிட்ட உடலுக்கு, நொடிக்கு 1 முதல் 1.5 வரையிலான மெதுவான அசைவு துன்பமாகத் தோன்றுவதில்லை. ஆனால் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வை உட்கார்ந்திருப்பவர் மிகக் கடுமையாக உணர்கிறார். வயிறும் நெஞ்சுக்கூடும் முதுகும் அந்த எல்லையில் ஒத்ததிர்வு அடைவதே காரணம். மறுபுறம், நொடிக்கு அரைக்கும் கீழான ஊசலாட்டம் குமட்டலைத் தரும். வளைவுக்கு வளைவு வண்டி இடமும் வலமுமாகச் சாயும்போது பயணிகள் வாந்தி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வில்லை வெறுமனே மிருதுவாக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவதற்கில்லை.

உயர்த்தும்போது நேர்வது என்ன?

வண்டியை உயர்த்த மலிவான வழி, பட்டை அடுக்கில் மேலும் ஒரு பட்டையைச் சேர்ப்பது. இதனால் விறைப்பு 49,000-லிருந்து 70,000 ஆவதாகக் கொள்வோம். காலி வண்டியின் அதிர்வெண் 1.44-லிருந்து 1.72 ஆக உயரும். சக்கரம் ஒரு கல்லில் ஏறி வில்லை 5 சென்டிமீட்டர் அமுக்கும்போது, முன்பு 2,450 நியூட்டனாக இருந்த கூடுதல் விசை இப்போது 3,500 நியூட்டன். இந்த வேறுபாடு முழுவதும் இருக்கையை வந்து சேருகிறது.

பட்டைகளுக்கிடையே உள்ள உராய்வும் கவனிக்கத்தக்கது. சிறு கற்கள் தரும் விசை அந்த உராய்வை வெல்லும் அளவு இல்லாவிட்டால் பட்டைகள் நழுவுவதே இல்லை. வில் ஒரு கட்டைபோல நின்றுவிடுகிறது. துருவும் சேறும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பட்டைகளின் எண்ணிக்கை மிகுந்தால் உராயும் பரப்புகளும் மிகும்.

அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்தினால் விறைப்பு மாறாது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது அக்கட்டை நெம்புகோலாகி வில்லை முறுக்கும். வண்டி அளவுக்கு மீறி உயர்ந்தால் புரொப்பெல்லர் தண்டின் கோணமும் மாறும். அப்போது தண்டு ஒருமுறை சுழன்றால் கிராஸ் இணைப்பில் இருமுறை வேகம் கூடிக் குறையும். இது தரையிலிருந்து வராத ஒரு புது அதிர்வு.

தணிப்பானின் பணி

வில்லுக்கு ஆற்றலைச் சேமிக்கத் தெரியும், செலவழிக்கத் தெரியாது. அந்தப் பணியைச் செய்வது ஷாக் அப்சார்பர் என்னும் அதிர்வுத் தணிப்பான். எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, அசைவின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. விறைப்பு மேற்கண்டவாறு கூடும்போது பழைய தணிப்பானின் தணிப்பு விகிதம் சுமார் 16 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஒரு பள்ளத்தைத் தாண்டியபின்னும் வண்டி குதித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு குறை பலருக்குத் தெரிவதில்லை. வண்டி உயர்ந்ததும் பழைய தணிப்பான் எப்போதும் நீண்ட நிலையிலேயே நிற்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது தன் முழு நீளத்தையும் எட்டி, 'டக்'கென்று இரும்போடு இரும்பாக முட்டி நிற்கும். இக்குலுக்கலுக்கு வில்லைக் குறை சொல்வதில் பயனில்லை. புதிய உயரத்துக்கும் புதிய விறைப்புக்கும் ஏற்ற நீளமான தணிப்பானே மருந்து.

டயரும் ஒரு வில்லே

டயரிலுள்ள காற்று முதல் வில். கல் சிறிதாக இருந்தால் டயரே அதை விழுங்கிவிட வேண்டும். தடத்தில் மெதுவாகச் செல்லும்போது காற்றைச் சில பவுண்டு குறைப்பது நல்ல பலன் தரும். ஆனால் தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறும்; வளைவில் பக்கவாட்டில் துவளும். பாரம் மிகுந்த வண்டியில் காற்றைக் குறைப்பதும் கூடாது.

தோற்றத்துக்காகப் பெரிய டயர் போடுவது வேறு கதை. சக்கரமும் அச்சும் வில்லுக்குக் கீழுள்ள நிறை. இந்நிறை கூடினால், சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கும்போது தரையை விட்டுத் துள்ளும். அந்த அடியும் உடலுக்கே வந்து சேரும்.

வளைவில் வரும் விலை

இதத்தைவிடப் பெரிய கேள்வி பாதுகாப்பு. சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமும், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்திலும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். அகலத்தை உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் 1 வருகிறது. அதாவது, பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால் வண்டி கவிழத் தொடங்கும். மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் இது 0.875 ஆகிறது. கூரைமேல் மூட்டைகளை ஏற்றி மையம் 0.95 மீட்டரை எட்டினால் 0.74.

12 மீட்டர் ஆரமுள்ள வளைவில், டயர் சறுக்காமல் பிடித்துக்கொண்டால், கவிழும் வேகம் முறையே மணிக்கு சுமார் 39, 36.5, 33.5 கிலோமீட்டர். இவை விறைத்த பொம்மை வண்டிக்குரிய எண்கள். உண்மை வண்டியின் உடல் வெளிப்புறம் சாயும், டயர் அமுங்கும். ஆகவே எல்லை இன்னும் தாழ்வானது. பக்கவாட்டு முடுக்கம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வேகத்தைப் பாதியாக்கினால் அது கால்பங்காகிவிடும். வளைவில் வேகத்தைக் குறைப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது.

செய்யத்தக்கவை

உயரமும் இதமும் ஒருங்கே அமையும் வண்டிகள் இல்லாமலில்லை. 2010-இல் வந்த மகிந்திரா தார் வண்டியில் பின்புறம் பட்டை வில்லே இருந்தது. 2020-இல் வந்த தாரில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில். சுருள்வில்லில் பட்டைகளின் உராய்வு இல்லை. அச்சைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் தனித் தண்டுகள் செய்வதால் வில்லை மிருதுவாக அமைக்க முடிகிறது.

பழைய வண்டி வைத்திருப்போர், செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம். முதலில் டயர்க் காற்றைச் சரிபார்க்க வேண்டும். பாரத்தைக் கூரையிலிருந்து இறக்கி, இரு அச்சுகளுக்கும் இடையே தாழ்வாக வைக்க வேண்டும். தேய்ந்த ரப்பர் புஷ்களையும் ஒழுகும் தணிப்பான்களையும் மாற்ற வேண்டும். பட்டைகளைக் கழற்றித் துருவை நீக்க வேண்டும். கூடுதலாகச் செருகிய பட்டையை எடுத்துவிட்டுத் தயாரிப்பாளர் குறித்த அடுக்கிற்குத் திரும்புவதே பல வண்டிகளுக்குப் பெரிய வைத்தியம்.

நோயாளியை அழைத்துச் செல்ல நேர்ந்தால், பின் அச்சுக்கு மேலோ அதற்கும் அப்பாலோ அமர்த்தாமல், இரு அச்சுகளுக்கும் நடுவே உள்ள இருக்கையில் அமர்த்துங்கள். முன்னும் பின்னும் வண்டி ஊசலாடும்போது மிகக் குறைவாக அசையும் இடம் அதுவே. இதற்கு ஒரு காசும் செலவில்லை.