வந்தடைதலும் ஆயத்தமாதலும்

கப்பல் துறைமுகத்தை வந்தடைவதும் சரக்கை இறக்க ஆயத்தமாக இருப்பதும் ஒன்றல்ல என்பது கடல் வணிகத்தின் பழைய விதியாகும். திருகோணமலைச் சீனக்குடாவின் மா ஆலைக்குக் கோதுமை வருவது போன்ற பயணங்களில், இவ்விரண்டும் நிறைவேறியதைக் கப்பற்றலைவர் ‘ஆயத்த அறிவித்தல்’ மூலம் தெரிவித்த பின்னரே இறக்குவதற்குரிய ஒப்பந்தக் காலம் பொதுவாகக் கணக்கிடப்படும். கணினித் தரவுகளைக் காந்த நாடாவில் காப்புப்பிரதியாகப் பதியும் யுனிக்ஸ் ஸ்கிரிப்டும், அதாவது வரிசையாக இயங்கும் கட்டளைத் தொகுப்பும், இதே வேறுபாட்டைப் பேணவேண்டியுள்ளது.

நாடா பழையதாயினும் வழக்கொழிந்ததன்று. ஒன்பதாம் தலைமுறை எல்டிஓ நாடாவொன்று 18 டெராபைட் கொள்வதோடு, இயக்கியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டபின் வலையமைப்பு வழியாக எவரும் அதைத் தீண்ட இயலாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமை அமைப்பு பணயத் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்திற்குக் காப்புப்பிரதி இல்லாமையால், சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் அக்காலத் தரவுகள் மீளவில்லை.

நள்ளிரவில் ஆளில்லாமல் இயங்கும் ஸ்கிரிப்ட், எழுதத் தொடங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். முதலாவது, இயக்கி உண்மையில் உள்ளதா என்பது. யுனிக்ஸ் கருவிகளையும் கோப்புப் பெயர்களாலேயே அழைப்பதால், இயக்கி கண்டறியப்படாது அப்பெயர் இல்லாதிருக்கும் இரவில், முழு உரிமையுடன் இயங்கித் தரவுகளைப் பதியும் ‘டார்’ கட்டளை அப்பெயரில் சாதாரணக் கோப்பொன்றை உருவாக்கி, அதில் எழுதி, பணி முடிந்ததென அறிவித்துவிடக்கூடும். இரண்டாவது, நாடா உள்ளே இருக்கிறதா என்பது. நிலையை வினவும் ‘எம்டி’ கட்டளை, லினக்ஸில் நாடா இல்லாதபோதும் வெற்றியைக் குறிக்கும் பூச்சியத்தைத் தரக்கூடுமாதலால், அவ்வெண்ணோடு நில்லாமல், பதிலில் ‘ஆன்லைன்’ என்னும் சொல் உள்ளதா எனவும் பார்க்கவேண்டும். மூன்றாவது, நாடாப் பேழையின் எழுத்துத் தடை போடப்பட்டுள்ளதா என்பது.

ஆயத்தமின்மை எப்போதும் பழுதன்று. செருகிய நாடாவை இயக்கி இழுத்துச் சுற்றி நிலைப்படுத்தச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே சில விநாடிகள் காத்திருந்து மீண்டும் வினவுவது முறையெனினும், முடிவின்றிக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட் மறுநாள் இரவின் பணியோடு மோதும் என்பதால், முயற்சிகளுக்கு எல்லை வகுத்து, அதைக் கடந்ததும் பிழைக் குறியீட்டுடன் நின்று பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புமாறு எழுதுவதே தகும்.

தோல்வியைச் சொல்லி நின்ற பணியை மறுநாள் காலையில் திருத்திவிடலாம். வெற்றி எனப் பொய்யாகச் சொன்ன பணியோ தரவு தொலைந்து நாடாவைத் தேடும் நாளில்தான் வெளிப்படும்.