யந்திரம் அனுப்பும் கடிதமும் அதன் இணைப்பும்

இலிகிதர் எவரும் இல்லாத பின்னிரவிற் கணினி தானாகவே கணக்குப் பார்க்கின்றது. அன்றைய விற்பனையைக் கூட்டுகின்றது. சம்பளப் பட்டியலை வகுக்கின்றது. மருத்துவப் பரிசோதனை முடிவுகளை நிரைப்படுத்துகின்றது. வேலை முடிந்ததும் விளைவை ஒரு கோப்பாக்கி, மின்னஞ்சலோடு இணைத்து, உரியவருக்கு அனுப்பிவிட்டு, "வெற்றியுடன் முடிந்தது" என்று தன் பதிவேட்டில் எழுதிவைக்கின்றது. விடிந்ததும் பார்த்தாற் கடிதம் வந்திருக்கும், இணைப்பும் இருக்கும். ஆனால் திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. அல்லது பாதிப் பட்டியலே இருக்கும். அல்லது எம்மொழிக்கும் உரியதல்லாத எழுத்துக் குவியல் காணப்படும். மனிதன் ஒருவன் வெற்றுறையை ஒட்டுமுன் சற்றே தயங்குவான். யந்திரமோ வெற்றுறையையும் அதே சிரத்தையோடு ஒட்டி அனுப்பும்.

இப்பழுதை ஆராயப் புகுவோர் முதற்கண் அறியவேண்டியது ஒன்றுண்டு. மின்னஞ்சல் கோப்புகளைச் சுமப்பதற்கெனத் தோன்றியதன்று. 1971 இல் ரே ரொம்லின்சன் வலையமைப்பு வழியாகக் கடிதம் அனுப்பியபோதும், 1982 இல் ஜொனதன் போஸ்ரெல் அஞ்சற் கடத்தலின் விதிகளை வரைந்தபோதும் கருத்திற் கொள்ளப்பட்டவை ஆங்கில எழுத்துக்களும் எண்களும் சில குறிகளுமே. அஸ்கி எனப்படும் அத்தொகுதியில் உள்ளவை 128 இடங்கள் மாத்திரமே. வரி முடிவைக் குறிக்கும் இரு குறிகளையுஞ் சேர்த்து ஒரு வரி 1000 குறிகளைக் கடத்தலாகாது என்பதும் விதி. படம், ஒலி, சுருக்கிய கோப்பு ஆகியவற்றின் ஒவ்வொரு பைற்றும் 256 பெறுமானங்களுள் ஒன்றாக இருக்கலாம். அத்தகைய பொருளை இக்குறுகிய வாயிலினூடே செலுத்துதல் எங்ஙனம்?

அதற்கு எழுத்து வேடம் புனைவதே வழியாயிற்று. நதானியல் போரென்ஸ்ரீன், நெட் பிரீட் ஆகிய இருவரும் வகுத்த மைம் என்னும் முறை 1992 ஜூனில் வெளியாயிற்று. அதற்குச் சற்று முன்னர், அவ்வாண்டு மார்ச் 11 ஆம் திகதி, போரென்ஸ்ரீன் தாமும் நண்பர் மூவரும் பாடிய பாட்டையும் தம் குழுவின் படத்தையும் இம்முறையில் இணைத்து அனுப்பினார். இம்முறையிற் பெரிதும் பயன்படும் குறியாக்கம் பேஸ் 64 எனப்படும். கோப்பின் மூன்று பைற்றுக்களை எடுத்து, அவற்றை நான்கு சாதாரண எழுத்துக்களாக மாற்றி, 76 எழுத்துக்கு மிகாத வரிகளாக எழுதுவதே அதன் தொழில். ஆகவே இணைப்பு என்று சொல்லப்படுவது கடிதத்தோடு ஊசி குத்திய தனித்தாள் அன்று. கடிதத்தின் உடலிலேயே எழுதப்பட்ட நீண்ட எழுத்துத் தொடர் ஆகும். இதனை மனத்திற் பதித்துக்கொண்டவர் பழுதைப் பாதி கண்டுபிடித்தவராவார்.

இனி ஆராயும் முறை. கோப்பின் அளவை மூன்று இடங்களில் அளந்து பார்த்தல் வேண்டும்: யந்திரம் எழுதி முடித்த இடத்தில், அஞ்சலின் மூல வடிவத்தில், பெற்றவர் சேமித்த இடத்தில். எவ்விரண்டு இடங்களுக்கிடையே அளவு மாறுகின்றதோ அங்கேதான் பழுது இருக்கின்றது. மூல வடிவத்திலுள்ள எழுத்துக்களின் தொகையை நான்கால் வகுத்து மூன்றாற் பெருக்கினால், உண்மைக் கோப்பின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். பலர் இவ்வளவையிற் புகாமலே அஞ்சற் சேவையகத்தைப் பழிப்பர். பெரும்பாலும் அது குற்றமற்றதாகவே இருக்கும்.

அடிக்கடி நேரும் பழுது, கோப்பு மூடப்படுமுன் இணைக்கப்படுதல். செய்நிரல் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் வட்டில் எழுதுவதில்லை. இடைத்தேக்கம் ஒன்றிற் சேர்த்து வைத்து, அது நிரம்பியதும் ஒருங்கே கொட்டும். வாளி நிரம்பியபின் தொட்டியில் ஊற்றுவது போன்றது இது. கோப்பை மூடும் கட்டளையே கடைசி வாளியைக் கவிழ்ப்பது. அக்கட்டளைக்கு முன்னரே அஞ்சற் பகுதி கோப்பை எடுத்துச் சென்றால், சிறிய கோப்பு வெறுமையாயும் பெரியது வாலறுந்தும் போய்ச்சேரும். வந்த கோப்பின் அளவு 4096 அல்லது 8192 இன் சரியான மடங்காக இருப்பின் இப்பழுதையே முதலில் ஐயுறலாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. சிப் முறையிற் சுருக்கிய கோப்பின் அட்டவணை அதன் இறுதியிலேயே இருப்பதால், வால் அறுந்தாற் கோப்பு திறக்கவே மாட்டாது. பெற்றவர் உடனே முறையிடுவார். இன்றைய எக்செல் கோப்பும் உள்ளே சிப் கோப்பே. ஆனாற் காற்புள்ளியாற் பிரித்த வெறும் பட்டியலோ வாலறுந்தும் செவ்வனே திறக்கும். ஐந்நூறு பேரின் சம்பளத்தில் நானூற்றெண்பது பேர் மட்டும் இருப்பதை அதன் தோற்றம் காட்டாது. கூச்சலிடாத பழுதே கொடியது.

அடுத்தது, கையால் இயக்கினால் நன்றாய் நடந்து இரவில் மாத்திரம் தவறும் வேலை. மனிதன் இயக்கும்போது தான் நிற்கும் கோப்புறையிலிருந்து இயக்குகின்றான். நேரங்காட்டி இயக்கும்போது வேறோர் இடத்திலிருந்து தொடங்குகின்றது. அங்கே அப்பெயருடைய கோப்பு இராது, அல்லது பழைய நாளின் கோப்பு இருக்கும். கோப்பின் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் இது தீரும்.

எழுத்துக் குவியலாக வருவதற்குக் காரணம் வேறு. படத்தையோ சுருக்கிய கோப்பையோ வெறும் எழுத்தெனக் கருதிக் கையாண்டால், 10 என்னும் பைற்று வரும் இடமெல்லாம் அதற்கு முன் 13 என்னும் பைற்று செருகப்பட்டுவிடும். அளவு சிறிதே கூடும், பொருள் முற்றாகக் கெடும். பி.என்.ஜி. என்னும் பட முறையை வகுத்தோர் இதனை எதிர்பார்த்தே கோப்பின் முதல் எட்டுப் பைற்றுக்களுள் 13, 10, 26, 10 என்பவற்றை வைத்தனர். ஏதேனும் ஒன்று சிதைந்தாலும் வாசலிலேயே தெரிந்துவிடும். 1964 இல் அறிமுகமான சிஸ்ரம் 360 இன் வழிவந்த ஐ.பி.எம். பெருங்கணினிகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அங்கு வழங்கும் எப்சிடிக் முறையில் ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்துக்கு இலக்கம் 193, அஸ்கியில் 65. பட்டியலை மொழிபெயர்த்தே அனுப்பல் வேண்டும். சுருக்கிய கோப்பை மொழிபெயர்க்கவே கூடாது. இரண்டையும் ஒரே கட்டளையால் அனுப்புவோர் ஒன்றைக் கெடுப்பது திண்ணம்.

வரி நீளத்தைப் பேணாத செய்நிரல்களும் உண்டு. பேஸ் 64 தொடரை வரி முறிக்காமல் ஒரே நீள வரியாக அனுப்பினால், சில சேவையகங்கள் தாமே அதனை முறித்து, முறித்த இடத்தில் ஆச்சரியக்குறி ஒன்றை இடுவதுண்டு. அக்குறி பேஸ் 64 இன் அறுபத்துநான்கு எழுத்துக்களுள் ஒன்றன்று.

அளவின் எல்லையையும் மறத்தலாகாது. குறியாக்கத்தாலும் வரி முறிப்பாலும் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவே பருக்கும். 20 மெகாபைற்றுக் கோப்பு 27 மெகாபைற்றைத் தாண்டும். 25 வரை ஏற்கும் சேவையகம் அதனை மறுத்துவிடும். இங்கே "வெற்றி" என்னும் சொல்லின் பொருளைக் கவனித்தல் தகும். சேவையகம் 250 என்று விடையளித்தால், கடிதத்தைச் சுமக்கும் பொறுப்பை அது ஏற்றது என்பதே கருத்து. உரியவர் பெற்றார் என்பதன்று. வழியில் மறுக்கப்பட்ட கடிதத்தின் அறிவித்தல் அனுப்பியவர் முகவரிக்கே திரும்பும். அம்முகவரியோ பெரும்பாலும் எவரும் திறவாத பெட்டி. அதனைத் திறந்து பார்த்தாற் பல மாதப் புதிர்கள் ஒரே நாளில் விடுபடுவதுண்டு.

மூன்று அளவுகளும் ஒத்திருந்தும் பெற்றவர் குறை சொல்வாராயின், பழுது அவர் திறக்கும் முறையில் இருக்கும். பட்டியலை நேராக எக்செலிற் திறந்தால், பூச்சியத்தில் தொடங்கும் தொலைபேசி இலக்கம் தன் பூச்சியத்தை இழக்கும். பதினாறு இலக்கக் கணக்கெண்ணின் கடைசி இலக்கம் பூச்சியமாகும், ஏனெனில் அது பதினைந்துக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. தமிழ்ப் பெயர்களுக்கு நேரும் அவதி தனி. யு.ரி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுக்கள். அதனை ஐரோப்பிய எழுத்தெனக் கொண்டு திறந்தால், தலையிற் கீறிட்ட இலத்தீன் எழுத்தும் வட்டத்துள் அடைபட்ட இன்னோர் எழுத்தும் மீண்டும் மீண்டும் தோன்றும். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைற்றுக்களை வைத்தால் எக்செல் அதனைச் சரியாகப் படிக்கும்.

திறக்கும் பாத்திரம் சிறியதாய் இருந்தால் விளைவது யாது என்பதை இங்கிலாந்து 2020 இற் கண்டது. கொரோனாப் பரிசோதனை முடிவுகளை ஆய்வுகூடங்கள் பட்டியல்களாக அனுப்பின. பொதுச் சுகாதார நிறுவனத்தின் தன்னியக்க முறையொன்று அவற்றைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அவ்வடிவம் 65,536 நிரைகளுக்கு மேற் கொள்ளாது. எஞ்சியவை ஓசையின்றி விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 நோயாளரின் விபரம் நாளாந்தக் கணக்கிற் சேரவில்லை. அவர்களுக்குத் தத்தம் முடிவு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடும் பணி அத்தனை நாள் தாமதித்தது.

துளையிட்ட அட்டைகளின் காலத்திலேயே இதற்கொரு பரிகாரம் வழக்கில் இருந்தது. அட்டைக் கட்டின் இறுதியில், மேலே உள்ளவை எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு என்று எழுதிய ஓர் அட்டையை வைப்பர். இன்றைய பட்டியலின் கடைசி வரியிலும், கடிதத்தின் உடலிலும் அவ்விரு எண்களை எழுதுமாறு செய்நிரலைப் பணித்தல் அரைமணி நேர வேலை. வாலறுந்த பட்டியலிற் கடைசி வரி இராது. நிரை விடுபட்ட பட்டியலின் எண் கடிதத்தின் எண்ணோடு ஒவ்வாது. கோப்பு வெறுமையாயின் கடிதத்தை அனுப்பாமல், பொறுப்பான உத்தியோகத்தருக்கு அதனைத் தெரிவிக்குமாறும் யந்திரத்தைப் பணிக்கலாம்.